மாரடைப்புக்குப் பின் இதயச் சுவரில் ஓட்டை: கதீட்டரா, கத்தியா, காத்திருப்பா?

மாரடைப்பு வந்து, ஆன்ஜியோ முடிந்து, ஸ்டென்ட்டும் வைத்தாகிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்குகிறது, மூச்சு வாங்குகிறது. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நேற்று வரை இல்லாத ஒரு முரட்டு இரைச்சல் கேட்கிறது. உள்ளங்கையை மார்பில் வைத்தாலே அதிர்வு தெரிகிறது. எக்கோ எடுத்துப் பார்த்தால், இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் ஓட்டை. சற்று நேரத்தில் குடும்பத்தாரிடம் கேள்வி வந்து நிற்கும்: நெஞ்சைத் திறந்து அடைப்பதா, கதீட்டர் எனும் மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் செலுத்தி அதன் வழியாகப் போய் அடைப்பதா, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பதா?

கதீட்டர் என்றதும் மனம் அந்தப் பக்கம்தான் சாயும். ஸ்டென்ட் வைத்ததும் அப்படித்தானே, மணிக்கட்டில் ஒரு சின்னத் துளை, மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டார். தெரிந்தவர் வீட்டுக் குழந்தைக்கு இதயத்தில் இருந்த ஓட்டையைக்கூட டிவைஸ் எனும் அடைப்புக் கருவியை வைத்து அடைத்து, ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அப்படியிருக்க, இவ்வளவு பலவீனமாகக் கிடப்பவருக்கு நெஞ்சை எதற்குப் பிளக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் மாரடைப்பில் விழும் ஓட்டைக்கும் அந்தக் குழந்தையின் ஓட்டைக்கும் பெயர் மட்டும்தான் பொது. எந்தக் கருவி என்பதைவிட எந்த நாள், எந்த இடம், ஓரம் எப்படி இருக்கிறது என்பவைதான் இங்கே முடிவைத் தீர்மானிக்கின்றன.

கரை இல்லாத ஓட்டை

பிறவியிலேயே இருக்கும் ஓட்டைக்குக் கரை உண்டு. உறுதியான, வழுவழுப்பான ஓரம். டிவைஸ் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மாரடைப்பில் நடப்பது வேறு. ரத்தம் போகாமல் செத்த தசையை முதல் வாரத்தில் வெள்ளணுக்கள் வந்து கரைக்கத் தொடங்கும். அந்த இடத்தில் தழும்புத் திசு உருவாகி இறுக வாரக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் சுவர் மிகவும் தளர்ந்திருக்கும். ஒரு பக்கம் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் 100, 120 என்ற அழுத்தத்தில் மோதுகிறது. மறுபக்கம் வலது கீழறையில் இருப்பது 25 அளவுதான். கிழிசல் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலோ, மூன்று முதல் ஐந்து நாளுக்குள்ளோ விழும். இரண்டு வாரம் வரைகூட விழ வாய்ப்புண்டு. விழுந்த பிறகும் அது அப்படியே நிற்பதில்லை. இன்று எக்கோவில் 10 மில்லிமீட்டர் என்று அளந்தது நாளை 15 ஆகியிருக்கலாம்.

ஓட்டை விழுந்ததும், உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதி திரும்பவும் நுரையீரலுக்கே போகிறது. நுரையீரல் ரத்தத்தில் மூழ்க, சிறுநீரகமும் கல்லீரலும் பட்டினி கிடக்கும். உடம்புக்குப் போவதைப்போல இரண்டு மடங்கு ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது என்றால் அது பெரிய கசிவு. ஏற்கெனவே ஒரு பகுதி செத்துப்போன இதயம் இதை நெடுநாள் தாங்காது.

இடம் இன்னொரு விஷயம். எல்.ஏ.டி. எனும் முன்பக்கக் குழாய் அடைத்து வந்த மாரடைப்பில் ஓட்டை இதயத்தின் நுனிப்பக்கம் விழும். பெரும்பாலும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேர்வழியாக இருக்கும். கீழ்ப்பக்க மாரடைப்பில் ஓட்டை அடிப்பாகத்தில், வால்வுகளுக்கு நெருக்கமாக விழும். அது பல நேரம் நேர் ஓட்டையாக இருக்காது. தசைக்குள் வளைந்து நெளிந்து போய், ஒரு வாசலில் நுழைந்து இரண்டு மூன்று வாசலில் வெளியேறும். கூடவே வலது கீழறையும் அடிபட்டிருக்கும். எந்த வழியில் அடைத்தாலும் இந்த இரண்டாம் வகையினருக்கு விளைவு மோசமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நல்லவேளையாக இது அபூர்வம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துகள் வருவதற்கு முன்னால், மாரடைப்பு வந்தவர்களில் 100-க்கு 1 முதல் 3 பேருக்கு இப்படி ஆனது. அந்த மருந்துகளின் காலத்தில், 1990-களில் நடந்த கஸ்டோ-1 ஆய்வில் 41,021 பேரில் 84 பேருக்கு மட்டுமே, அதாவது 0.2 சதவீதம். இந்த அபூர்வத்துக்கு ஒரு விலையும் உண்டு. நிறைய அனுபவம் சேர்த்த சர்ஜனும் கார்டியாலஜிஸ்ட்டும் எங்குமே குறைவு. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவை, மறு பாதிக்கு கதீட்டர் என்று ஒப்பிட்ட ஆய்வும் கிடையாது. நம்மிடம் இருப்பதெல்லாம் பதிவேடுகள். அவற்றை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி வேலை.

மருந்து மட்டும்?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கஸ்டோ-1-இல் ஓட்டை விழுந்தவர்களில் மருந்து மட்டும் பெற்றவர்களில் 94 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் 47 சதவீதம். தாங்குவார் என்று தோன்றியவர்களைத்தான் அறுவைக்கு அனுப்பியிருப்பார்கள் என்பதால், இந்த வித்தியாசம் முழுவதையும் கத்தியின் கணக்கில் எழுத முடியாது. இருந்தாலும் 94 என்பது 94 தான்.

மருந்தில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ரத்த அழுத்தம் விழுகிறதே என்று குழாய்களைச் சுருக்கும் மருந்தை ஏற்றினால், இடது கீழறை தள்ள வேண்டிய எதிர்ப்பு கூடி, ரத்தம் எளிதான வழியாகிய ஓட்டை வழியே இன்னும் அதிகமாகப் பாயும். குழாய்களை விரிக்கும் மருந்து கசிவைக் குறைக்கும், ஆனால் கைவசம் இருக்கும் கொஞ்ச அழுத்தத்தையும் இறக்கிவிடும். இந்தக் கயிற்றின்மேல் சில நாட்கள் நடக்கலாம். தொடர்ந்து நடக்க முடியாது. ஓட்டை மிகச் சிறியதாக இருந்து, உடம்பு எந்தத் துணையும் இல்லாமல் நிலையாக இருப்பவர்கள் மட்டும் விலக்கு, அப்படிப்பட்டவர்கள் சிலரே.

நெஞ்சைத் திறந்தால்

டென்டன் கூலி என்ற அமெரிக்க சர்ஜன் 1950-களின் நடுவில் முதன்முதலாக இந்த ஓட்டையை அறுவையில் அடைத்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1845-இல், இறந்தவரின் உடலில்தான் இது முதலில் கண்டறியப்பட்டது. இன்று வரை அடிப்படையான, நிலைபெற்ற சிகிச்சை அறுவைதான்.

மார்பெலும்பைப் பிளந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் போட்டு, செத்துப்போன பகுதி வழியாகவே இடது கீழறையைத் திறப்பார்கள். உள்ளே பார்த்தால் ஓட்டையின் ஓரம் எங்கே முடிகிறது, நல்ல தசை எங்கே தொடங்குகிறது என்பதே சட்டென்று பிடிபடாது. முதல் சில நாட்களில் அந்த ஓரத்தில் தையல் போடுவது நனைந்த காகிதத்தில் ஊசி ஓட்டுவதைப் போன்றது. நூலை இழுக்கும்போதே கிழிந்துகொண்டு வரும். இதற்கு டொரான்டோவின் டைரோன் டேவிட் வளர்த்தெடுத்த முறை ஒரு பெரிய திருப்பம். ஓட்டையின் ஓரத்தை அவர் நம்பவில்லை. மாட்டின் இதய உறையிலிருந்து செய்த ஒரு பெரிய ஒட்டுத் துண்டை, ஓட்டையிலிருந்து தள்ளி, சுற்றிலும் இருக்கும் ஆரோக்கியமான தசையில் தைத்துவிடுவார். ஓட்டை அங்கேயே இருக்கும். ஆனால் செத்த பகுதி முழுவதும் இடது கீழறையின் அழுத்தத்திலிருந்து விலக்கப்பட்டுவிடும். அழுத்தம் இல்லாத இடத்தில் ஓட்டை இருந்து என்ன செய்யப்போகிறது?

அறுவையின் பலம் இங்கேதான் இருக்கிறது. ஓட்டையின் அளவு, வடிவம், வாசல்களின் எண்ணிக்கை ஆகியவை சர்ஜனைப் பெரிதாகக் கட்டுப்படுத்துவதில்லை. அடைபட்ட வேறு குழாய்கள் இருந்தால் பைபாஸும் சேர்த்துச் செய்துவிடலாம். வால்வைத் தாங்கும் தசை கெட்டிருந்தால் அதையும் பார்த்துவிடலாம்.

பலவீனமும் தெரிந்ததுதான். அமெரிக்க இதய அறுவை மருத்துவர்கள் சங்கத்தின் பதிவேட்டில் 1999 முதல் 2010 வரை அறுவை செய்யப்பட்ட 2,876 பேரில் 42.9 சதவீதம் பேர் பிழைக்கவில்லை. 2021-இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பு ஒன்றில், 475 பேரில் இறந்தவர்கள் 40.4 சதவீதம். பத்தாண்டு இடைவெளியில் எண் பெரிதாக நகரவே இல்லை. வழக்கமான இதய அறுவைகளில் இறப்பு ஓரிலக்கச் சதவீதத்தில் இருக்க, இது மட்டும் 40-இலேயே நிற்கிறது என்றால் கை சரியில்லை என்று பொருள் கொள்ள முடியாது. மேசைக்கு வரும் நோயாளியின் நிலை அப்படி. அதிர்ச்சி நிலையில், அதாவது இதயத்தால் உடம்புக்குப் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாத நிலையில், இருந்தவர்களை மட்டும் பார்த்த ஷாக் ஆய்வின் பதிவேட்டில் அறுவை செய்த 31 பேரில் 6 பேர்தான் பிழைத்தார்கள். அறுவை செய்யாத 24 பேரில் ஒரே ஒருவர்.

கதீட்டர் வழியாகப் போனால்

1988-இல் பாஸ்டனில் ஜேம்ஸ் லாக் குழுவினர் கீழறைச் சுவரின் ஓட்டையைக் கதீட்டர் வழியாக அடைத்துக் காட்டினார்கள். இப்போது பயன்படும் டிவைஸ் நிட்டினால் என்ற உலோகக் கம்பியால் பின்னியது. இரண்டு வட்டத் தட்டுகள், நடுவில் ஒரு தடித்த கழுத்து, உள்ளே பாலியஸ்டர் துணி. மாரடைப்பு ஓட்டைக்கென்றே அம்ப்ளாட்சர் வகையில் செய்த டிவைஸில் கழுத்தின் நீளம் 10 மில்லிமீட்டர். பிறவி ஓட்டைக்கான தசைச்சுவர் டிவைஸில் 7. வளர்ந்தவரின் சுவர் தடிமனானது என்பதால் இந்த வித்தியாசம். கழுத்தின் விட்டம் 24 மில்லிமீட்டர் வரை கிடைக்கும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2017-இல் இதற்கு அனுமதி கொடுத்தபோது, அபூர்வ நோய்களுக்கான தனி வழியில், அறுவைக்கு ஏற்றவரல்லாத நோயாளிகளுக்கு என்ற வரையறையோடுதான் கொடுத்தது. அந்த வரையறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால்தான் ஏன் இது ஸ்டென்ட் போல எளிதில்லை என்பது புரியும். தொடைத் தமனி வழியாக ஒரு கம்பியை இடது கீழறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஓட்டையைத் தாண்டி வலப்பக்கம் தள்ளுவார்கள். அது நுரையீரல் தமனிக்குள் போய் நிற்கும். கழுத்துச் சிரை வழியாக இன்னொரு கதீட்டர் இறங்கி, சுருக்குக் கண்ணியால் அந்தக் கம்பியின் நுனியைப் பிடித்து வெளியே இழுக்கும். இப்போது தொடையில் நுழைந்து கழுத்தில் வெளிவரும் ஒரே கம்பி, ஓட்டை வழியாக. அதன்மேல் கழுத்துப் பக்கத்திலிருந்து ஒரு தடித்த உறைக்குழாயை ஓட்டைக்குள் செலுத்தி, இடப்பக்கத் தட்டை முதலில் விரித்து, சுவரோடு ஒட்டும்வரை இழுத்து, பிறகு கழுத்தையும் வலப்பக்கத் தட்டையும் விடுவார்கள். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவில் ஒருவர் இதையெல்லாம் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். கம்பி வால்வின் நாண்களுக்குள் சிக்கியிருந்தால், தெரியாமல் குழாயைத் தள்ளியதும் வால்வு கிழியும். இதயம் ஒவ்வொரு நிமிடமும் தாறுமாறாகத் துடிக்கப் பார்க்கும். மயக்க மருத்துவர்தான் அந்த அறையில் அதிகம் வியர்ப்பவர்.

அளவுதான் அடுத்த தலைவலி. ஓரம் தளர்ந்திருப்பதால் டிவைஸை ஓட்டையைவிட நன்றாகவே பெரிதாக எடுக்க வேண்டும். ஓட்டை 15 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் பல மையங்கள் கதீட்டரைப் பற்றிப் பேசவே தயங்கும். நுனியில் இருக்கும் ஓட்டையில் தட்டு விரிய இடம் போதாமல் போகலாம். அடிப்பாகத்து ஓட்டையில், வால்வுப் பக்கம் தட்டு உட்காரச் சுவரே இருக்காது.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. டிவைஸ் வைத்த நொடியில் ஓட்டை மூடிவிடுவதில்லை. உள்ளிருக்கும் துணியில் ரத்தம் உறைந்தால்தான் அது முழுதாக அடைபடும். இவரோ நேற்றுதான் ஸ்டென்ட் வைத்தவர். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை, மேலே ஹெப்பாரின். டிவைஸுக்கு ரத்தம் உறைய வேண்டும், ஸ்டென்ட்டுக்கு உறையக் கூடாது. பிரிட்டனில் 1997 முதல் 2012 வரை 11 மையங்களில் கதீட்டர் வழியில் முயன்ற 53 பேரின் பதிவு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 89 சதவீதம் பேருக்கு டிவைஸை வைக்க முடிந்தது. ஆனால் கசிவு உடனே முழுதாக நின்றது 23 சதவீதம் பேருக்குத்தான். 62 சதவீதம் பேருக்குக் குறைந்தது. 15 சதவீதம் பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. இருந்தாலும் 58 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். ஆக, இங்கே வெற்றி என்பதற்கே வேறு அளவுகோல் வேண்டும். பாதிக் கசிவு நின்றால்கூட, மூழ்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

எண்களை எப்படிப் படிப்பது

பிரிட்டன் 2010 முதல் 2021 வரை இரண்டு வழிகளையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவந்தது: 16 மையங்கள், 362 நோயாளிகள். இதில் 231 பேருக்கு முதலில் அறுவை, 131 பேருக்கு முதலில் கதீட்டர். மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் அறுவையில் 44.2 சதவீதம், கதீட்டரில் 55 சதவீதம். ஐந்தாண்டு முடிவில் 53.7-க்கு 61.1. மருத்துவமனையைவிட்டு உயிரோடு வெளியே வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அதன்பிறகு இரு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைப் பார்த்து அறுவைதான் மேல் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். கதீட்டர் பக்கம் இருந்தவர்கள் வயதில் மூத்தவர்கள். அறுவை தாங்கமாட்டார் என்று சர்ஜன் கைவிரித்த பலர் அந்தப் பக்கம்தான் போய்ச் சேர்வார்கள். அதே சமயம், கதீட்டர் என்பது ஆபத்து குறைந்த வழி என்ற நம்பிக்கைக்கும் இந்த எண்களில் ஆதாரம் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் படித்தால் எனக்குக் கிடைப்பது இதுதான்: தாங்கக்கூடியவருக்கு அறுவை முதல் வழியாகவே இருக்க வேண்டும். மற்றவருக்குக் கதீட்டர் ஒரு உண்மையான வாய்ப்பு, அதாவது கிட்டத்தட்ட சாவு நிச்சயம் என்ற இடத்திலிருந்து பாதிக்குப் பாதி என்ற இடத்துக்கு வருவது.

ஆனால் கதீட்டரிலும் எல்லோரும் ஒன்றல்ல. ஜெர்மனியில் 29 பேருக்கு, ஓட்டை தெரிந்தவுடனே, நாள் கடத்தாமல் கதீட்டரில் அடைத்துப் பார்த்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வில் அதிர்ச்சி நிலையில் இருந்தவர்களில் 88 சதவீதம் பேர் இறந்தார்கள். அதிர்ச்சி நிலையில் இல்லாதவர்களில் 38. ஒரே கைகள், ஒரே டிவைஸ், ஒரே வேகம். வித்தியாசம் நோயாளியின் நிலையில்.

காத்திருப்பது பலனா, மாயையா?

மேலே சொன்ன 2,876 பேரின் பதிவேட்டில் ஒரு எண் எல்லோர் கண்ணையும் இழுக்கும். மாரடைப்பு வந்த 7 நாளுக்குள் அறுவை செய்தவர்களில் 54.1 சதவீதம் பேர் இறந்தார்கள். 7 நாளுக்குப் பிறகு செய்தவர்களில் 18.4 சதவீதம்தான். அப்படியானால் எல்லோரையும் ஒரு வாரம் வைத்திருந்து செய்தால் போதுமே என்று தோன்றும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எட்டாம் நாள் அறுவை மேசைக்கு வந்தவர், ஏழு நாள் சாகாமல் இருந்தவர். இரண்டாம் நாளே நிலைகுலைந்தவர் ஒன்று உடனே அறுவைக்குப் போய் 54-இன் கணக்கில் சேர்ந்திருப்பார், அல்லது மேசைக்கே வராமல் இறந்து எந்தக் கணக்கிலும் சேராமல் போயிருப்பார். காத்திருந்ததால் பிழைத்தார்களா, பிழைக்கக்கூடியவர்கள்தான் காத்திருக்க முடிந்ததா? இரண்டும் கலந்திருக்கிறது என்பதே நேர்மையான பதில். திசு இறுகும் என்பது உண்மை; தையலும் டிவைஸும் அப்போது பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்த நாட்களில் ஓட்டை பெரிதாகலாம், சிறுநீரகம் நின்றுபோகலாம், ஐசியூவில் தொற்று ஒட்டிக்கொள்ளலாம்.

காத்திருப்பைச் சாத்தியமாக்கியது இயந்திரத் துணைதான். பெருந்தமனியில் வைக்கும் பலூன் பம்ப், இதயம் விரியும்போது ஊதி, சுருங்கும்போது சட்டென்று சுருங்கி, முன்னோக்கிப் போகும் வழியை எளிதாக்குகிறது. அதனால் ஓட்டை வழியாகப் போவது குறையும். ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ இயந்திரம் இன்னும் ஒரு படி மேலே போய் இதயத்தின் வேலையில் பெரும்பகுதியைத் தன் தலையில் எடுத்துக்கொள்ளும். ஆனால் அது ரத்தத்தைப் பெருந்தமனிக்குள் எதிர்த்திசையில் தள்ளுவதால் இடது கீழறைக்கு எதிர்ப்பும் கூடும். பல குழுக்கள் பலூன் பம்பையோ, கீழறைக்குள் வைக்கும் சிறு சுழல் பம்பையோ கூடவே வைப்பது இதற்காகத்தான். இவையும் இலவசமாக வருவதில்லை: ரத்தப்போக்கு, காலுக்கு ரத்தம் போகாமல் போவது, பக்கவாதம். எக்மோவில் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் திசுவை இறுக்குகிறது, இன்னொரு பக்கம் கடனை ஏற்றுகிறது. இடைப்பட்ட நாட்களுக்கு ஒரு துணைப் பலன் உண்டு. ஸ்டென்ட்டுக்காகக் கொடுத்த க்ளோபிடோக்ரெல் போன்ற மாத்திரையின் வீரியம் குறைய ஐந்து நாள் வரை ஆகும். அது வடிந்த பிறகு அறுவையில் ரத்தப்போக்கு குறையும்.

ஐரோப்பிய வழிகாட்டுதல், தீவிர மருந்துக்கு நன்றாக ஒத்துழைக்கும் நோயாளிக்கு அறுவையைத் தள்ளிப்போடலாம் என்கிறது. அமெரிக்கப் பாரம்பரியமோ அவசர அறுவையின் பக்கம் சாய்ந்தது. எனக்கு இதில் பெரிய முரண் தெரியவில்லை. நிலையாக இருப்பவர் காத்திருக்கலாம். துணை இயந்திரத்தோடும் சரிபவருக்கு நாள் பார்க்கக் கூடாது. சிறுநீர் அளவு, ரத்தத்தில் லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது ஏறுவது), மருந்தின் அளவு என்ற மூன்றையும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் அவர் எந்தப் பக்கம் போகிறார் என்பது தெரிந்துவிடும்.

சரி, யாருக்கு எது?

முன்பக்க மாரடைப்பு, நுனிப்பக்கம் 15 மில்லிமீட்டருக்குக் குறைவான ஒற்றை ஓட்டை, இரண்டு மூன்று வாரம் தாண்டிவிட்டது, வேறு குழாய்களில் பைபாஸ் தேவையில்லை. இவருக்குக் கதீட்டர் நல்ல தெரிவு. அறுவையோடு சரிசமமாக வைத்துப் பேசலாம். இதே ஓட்டை மூன்றாம் நாளில், நோயாளி நிலையாக இருந்தால், நான் காத்திருக்கவே சொல்வேன்.

பெரிய ஓட்டை, கீழ்ப்பக்க மாரடைப்பு, பல வாசல்கள் அல்லது மூன்று குழாயிலும் அடைப்பு என்றால் கதீட்டரைப் பற்றி யோசிப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அறுவைதான், முடிந்தால் இயந்திரத் துணையோடு சில நாள் தள்ளி.

எண்பதைத் தாண்டியவர், முன்பே பைபாஸ் செய்தவர், சிறுநீரகம் கெட்டவர், சர்ஜன் தலையாட்டி மறுத்துவிட்டவர் என்றால் கதீட்டரைக் கேளுங்கள். முழு அடைப்பை எதிர்பார்த்து உள்ளே போகாதீர்கள்.

சந்தேகமே இல்லாமல் கதீட்டர் முந்தும் ஒரு இடம் இருக்கிறது: அறுவை முடிந்த பிறகு ஒட்டின் ஓரத்தில் மிஞ்சும் கசிவு. மறுபடி நெஞ்சைத் திறப்பது கொடுமை; திசுவும் அதற்குள் இறுகியிருக்கும்; டிவைஸுக்குப் பிடிப்பதற்கு ஒட்டின் ஓரமே இருக்கும். இந்த இரண்டு வழிகளையும் எதிரிகளாகப் பார்ப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தலைகீழாகவும் நடக்கும். அதிர்ச்சி நிலையில் கதீட்டரால் பாதிக் கசிவை நிறுத்தி, உடம்பு தேறிய பிறகு அறுவையில் முழுதாக அடைப்பதுண்டு. இடது கீழறையே பெரும்பகுதி போய்விட்டது என்றால் ஓட்டையை அடைத்தும் பயனில்லை. வயது இடம் கொடுத்தால் இதய மாற்றுக்கான பேச்சைத் தொடங்க வேண்டும். எதுவும் வேண்டாம், வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதும் ஒரு முடிவுதான். அதை முன்வைக்கும் மருத்துவர் கைவிடுகிறார் என்று எண்ண வேண்டாம்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். மாரடைப்பில் இதயத்தின் வெளிச்சுவர் கிழிவதும் உண்டு. ரத்தம் இதய உறைக்குள் நிரம்பி இதயத்தையே அமுக்கிவிடும். அது நிமிடக் கணக்கில் ஓடும் விஷயம், அறுவையைத் தவிர வேறு பேச்சில்லை. மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் அதற்குப் பொருந்தாது.

குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஓட்டை எத்தனை மில்லிமீட்டர், நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இருக்கிறதா? வலது கீழறை எப்படி வேலை செய்கிறது? சர்ஜனும் கார்டியாலஜிஸ்ட்டும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்களா, இருவரில் யார் எதை மறுத்தார்கள், ஏன்? இந்த மருத்துவமனையில் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்களா, இல்லையென்றால் எக்மோவோடு இன்னொரு இடத்துக்கு மாற்ற முடியுமா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பாதி மருத்துவர்கள் தங்கள் பணிக்காலத்தில் இதை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருப்பார்கள். மாற்றலாமா என்ற கேள்வி அவர்களை அவமதிக்காது.

டிவைஸ் வைத்து வீட்டுக்கு வந்தவர்கள் முதல் சில வாரம் சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மிஞ்சிய கசிவு கம்பி வலைக்குள் சீறிப் பாயும்போது சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகும், ரத்தசோகை வரும், சிறுநீரகமும் அடிபடும். துணியில் உறைந்து கசிவு அடங்கினால் இது தானாக நிற்கும், இல்லையென்றால் இரண்டாவது டிவைஸோ அறுவையோ தேவைப்படும். பல் பிடுங்குவது போன்ற வேலைகளுக்கு முன்னால் முதல் ஆறு மாதம் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ள வேண்டும். டிவைஸின் ஓரத்தில் கசிவு மிஞ்சியிருந்தால் அதற்குப் பிறகும். ஸ்டென்ட்டுக்கான மாத்திரையை யார் சொல்லியும் நிறுத்தக் கூடாது, இதயத்தைப் பார்க்கும் மருத்துவர் சொன்னாலொழிய.